ஒரு மணிக்கு மேசை எண்டால் என்ன கணக்கு?

போன கிழமை பெரியம்மாட மகள் அக்கா ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. நாலு நிமிசத்துக்கு மேல. அதில முக்கால்வாசி பேச்சுத்தான். பேச்சு எனக்கில்ல, வெளிநாட்டுத் தீம் பார்க் ஒண்டில சாப்பாட்டுக் கடை வாசல்ல நிண்ட ஒரு பொடிச்சிக்கு. ஒரு மாசத்துக்கு முன்னமே இணையத்தில மேசை புக் பண்ணி, வந்த மெயிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு குடும்பமாப் போயிருக்காங்க. ஒரு மணிக்கு மேசை. கதிரையில போய் இருக்கக்குள்ள ரெண்டேகால். அக்காட மாமிக்குச் சீனி வருத்தம். சின்னவன் நிலத்தில உருண்டு அழுதிருக்கான். "உள்ள பாத்தா மேசை சும்மா கிடக்கு தம்பி. எங்கள வெளிய நிப்பாட்டி வச்சிருக்காள். அப்ப புக்கிங் எண்டு என்னத்துக்கு வச்சிருக்காங்க?"

இத எனக்கு அனுப்பினதுக்குக் காரணம் இருக்கு. அந்தப் பொடிச்சி நிண்ட மாதிரி ஒரு இடத்தில நானும் நிண்டவன். வளைகுடா நாடொண்டில ஒரு திறந்தவெளிப் பூங்கா, பேர் வேணாம். அதுக்குள்ள 40 மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. அதின்ட வாசல்ல நிண்டு ஆக்கள உள்ளுக்கு அனுப்புறதுதான் சில வருசம் என்ட வேலை. கையில புக்கிங் பாக்கிற ஒரு டெப், இடுப்பில வோக்கி டோக்கி. ஹோஸ்ட் எண்டு சொல்லுவாங்க. ஊரில ஆரும் கேட்டால் அம்மா "பெரிய ஹொட்டல்ல மனேஜர்" எண்டு சொல்லிப்போடுவா. உண்மையில நாள் முழுக்கப் பேச்சு வாங்குறதுதான் உத்தியோகம். அரபியில, இங்கிலிஸில, ஹிந்தியில, மலையாளத்தில எல்லாம் வாங்கியிருக்கன். தமிழில வாங்கினது குறைவு. நம்மட ஆக்கள் கத்தத் தொடங்கினாலும் நான் வாயத் துறந்த உடன "தம்பி எந்த ஊர்?" எண்டு கேப்பாங்க. மட்டக்களப்பு எண்டால், மட்டக்களப்பில எங்க? கல்லடி எண்டால், கல்லடியில எங்க? அதுக்குள்ள ஒரு மேசை எழும்பிரும், அதாவது இருந்தவங்க சாப்பிட்டு முடிச்சு இடம் வந்திரும்.

அக்காவுக்குப் பதில் சொல்லத் தொடங்கி நீளமாப் போயிட்டு. பாடசாலை லீவுக்குத் துபாய், சிங்கப்பூர் எண்டு பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு போறவங்க இப்ப கூடத்தானே, இங்கயே எழுதுறன்.

முதல்ல புக்கிங். பூங்காக்குள்ள ஒரு மணிக்கு எண்டு புக் பண்ணினால், அந்த நேரத்துக்கு உங்கட பேரில ஒரு மேசை துடைச்சு வெறுமையாக் காத்துக்கொண்டு இருக்கும் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. அப்பிடி வைக்க வேணும் எண்டால் பன்னெண்டேகாலுக்கு எழும்பின மேசைய முக்கால் மணித்தியாலம் சும்மா போடோணும். சனம் நிறைஞ்ச நாளில எந்த மனேஜரும் அதச் செய்ய மாட்டார். உங்களுக்குக் கிடைக்கிறது வரிசையில ஒரு முன்னிடம். புக் பண்ணாம வாறவங்களுக்கு முன்னால நீங்க. உங்கட அளவுக்கு ஒரு மேசை எழும்பின உடன உங்களுக்கு. எழும்பாட்டி, இல்ல.

ஏன் எழும்புறதில்ல எண்டதுக்கு ஒரு கணக்கு இருக்கு. எங்கட மேற்பார்வையாளர் ஒருத்தர், கேரளாக்காரர், வேலைக்குச் சேந்த புதுசில எனக்கு ஒரு டிஷூவில எழுதிக் காட்டினது. 40 மேசை. ஒரு குடும்பம் இருந்து சாப்பிட்டு எழும்ப 80 நிமிசம் எண்டு வையுங்க. அப்ப ஒரு மணித்தியாலத்துக்கு 30 மேசை எழும்பும், ரெண்டு நிமிசத்துக்கு ஒண்டு. புக்கிங் சிஸ்டமும் அந்தக் கணக்கில மணித்தியாலத்துக்கு 30 குடும்பத்துக்குத்தான் இடம் குடுத்திருக்கும். சரி. இப்ப ஒவ்வொரு குடும்பமும் பத்தே பத்து நிமிசம் கூட இருக்குது, ஐஸ்கிரீம் ஒண்டு கேட்டு, ஃபோனச் சார்ஜில போட்டு. 80 நிமிசம் 90 ஆகுது. மணித்தியாலத்துக்கு 27 மேசை கூட எழும்பாது. 11 மணிக்குத் தொடங்கினால் 2 மணியாகக்குள்ள பத்துக் குடும்பம் பின்னுக்கு நிக்கும். ரெண்டு மணிக்குப் புக் பண்ணினவர் 20 நிமிசத்துக்கு மேல நிண்டே ஆகோணும். இதில ஆரும் ஆரையும் பேய்க்காட்டல்ல. ஒருத்தரும் லேட்டாவும் வரல்ல. ஐஸ்கிரீம் திண்டது மட்டும்தான்.

பூங்காவில சனம் அந்தக் கூடின பத்து நிமிசத்தோட எழும்புமா எண்டா, அதுவும் இல்ல. ஊர்க் கடைக்குப் பசிச்சு வாறவங்க சாப்பிட்டாப் போயிருவாங்க. பூங்காவில சாப்பாட்டுக் கடைக்கு வாறது இருக்கிறதுக்கு. காலையில இருந்து நடந்து கால் நோகுது. அங்க வெயில் காலத்தில நிழலிலயே 40 பாகையத் தாண்டும். அதுக்குப் பயந்துதான் அபுதாபியில 2010ல திறந்த ஃபெராரி வேர்ல்ட், துபாயில 2016ல திறந்த ஐஎம்ஜி வேர்ல்ட்ஸ் மாதிரியான பூங்காக்கள அநேகமா முழுக்கக் கூரைக்குக் கீழ, ஏசிக்குள்ளயே கட்டியிருக்காங்க. எங்கட மாதிரித் திறந்தவெளி எண்டால் ஏசி இருக்கிறது சாப்பாட்டுக் கடையிலயும் ரெண்டு மூண்டு ரைட் (ஏறிச் சுத்துற விளையாட்டு) வரிசையிலயும்தான். பில் கட்டி முடிச்சிட்டு, சப்பாத்தக் கழட்டிப்போட்டு, கதிரையில சாஞ்சு நித்திரையான அப்பாமாரை நான் எழுப்பினதில்ல. எழுப்பவும் விட மாட்டாங்க.

இதோட ரைட் வரிசை. பன்னெண்டரைக்குப் புக் பண்ணின குடும்பம் ஒரு ரைட்டில மாட்டுப்படும். ரைட் இடையில நிண்டுபோகும், வரிசைய விட்டு வெளிய வரவும் மனம் வராது. பன்னெண்டு ஐம்பதுக்கு ஓடி வருவாங்க. பெரும்பாலான கடைகளில 15 நிமிசம் பொறுப்பாங்க எண்டு ஒரு விதி இருக்கும். விதி எழுதியிருக்கும், ஆனா பிள்ளைகளோட மூச்சு வாங்க வந்து நிக்கிறவங்களத் திருப்பி அனுப்ப ஆருக்கும் துணிவு வராது. அப்ப பன்னெண்டரைக்காரரும் ஒரு மணிக்காரரும் ஒண்டா நிப்பாங்க. பூங்காக்குள்ள நடக்கிற ஊர்வலம் ஏதும் முடிஞ்சிச்சோ, அதோட சரி. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில "இனிச் சாப்பிடுவம்" எண்டு திரும்புவாங்க.

இனி அக்காட பெரிய கேள்வி. உள்ள மேசை வெறுமையாக் கிடக்கு, ஏன் வெளிய நிப்பாட்டுறாங்க?

இதுக்கு நான் வாங்கின பேச்சுக்கு அளவில்ல. கண்ணாடிக்குள்ளால எல்லாருக்கும் அந்த மேசை தெரியும். ஒரு ஐயா என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், "இது என்ன? இது என்ன? இது என்ன?" எண்டு ஒவ்வொரு மேசையாத் தட்டிக் காட்டினார். மேசைதான் ஐயா. ஆனா அந்தப் பக்கத்துக்கு வெயிட்டர் இல்ல. ரெண்டு பேர் சுகமில்ல எண்டு வராட்டி அவங்கட பத்து மேசையையும் மூடித்தான் வைக்கோணும். இல்லாட்டி இருக்கிற வெயிட்டர்மார் ஓடி ஓடி எல்லாருக்கும் லேட்டாக்குவாங்க.

வெயிட்டர் இருந்தாலும் கிச்சன் இருக்கு. கிச்சனுக்குத்தான் ஹோஸ்ட் உண்மையில வேலை செய்யிறது. எனக்குச் சொல்லியிருந்த கணக்கு, கால் மணித்தியாலத்துக்கு எட்டு மேசைக்கு மேல இருத்தாத. கிரில்லில ஒரு தரத்துக்கு வைக்கிற இறைச்சிக்கு ஒரு அளவு இருக்கு, பொரிக்கிற சட்டிக்கு ஒரு அளவு இருக்கு. ஒரே நேரத்தில 20 மேசைய இருத்தினால் 20 ஓடர் ஒண்டாப் போய் விழும். அப்ப சோத்துக்கு முதல் கறி வரும், பிள்ளைட சாப்பாடு வந்து அப்பாட வராது, அப்பாட வரக்குள்ள பிள்ளைட ஆறிப்போகும். ஓடர் நிரம்பினா செஃப் வோக்கி டோக்கியில "நிப்பாட்டு" எண்டு ஒரு சொல்லுத்தான் சொல்லுவார். நான் நிப்பாட்டுவன். வெளிய நிக்கிற ஆக்கள் வெறும் மேசையப் பாத்து என்னைப் பாப்பாங்க.

வாசல்ல 20 நிமிசம் நிக்கிறது நல்லமா, மேசையில இருந்து 50 நிமிசம் சாப்பாடு வராம இருக்கிறது நல்லமா? எனக்கு வாசல் நல்லம். வாசல்ல நிண்டா வெளிக்கிட்டுப் போகவாவது ஏலும். பசியில நிக்கிற பிள்ளைட தாய்க்கு இதச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது எண்டும் தெரியும்.

நோன்பு மாசத்திலதான் இத முழுசாப் பாக்கலாம். இஃப்தாருக்கு, அதாவது நோன்பு துறக்கிற சாப்பாட்டுக்கு, எல்லாரும் புக் பண்ணித்தான் வருவாங்க, எல்லாருக்கும் ஒரே நிமிசம். அது நம்மட கோயில் அன்னதானப் பந்தி மாதிரி, எல்லாரும் ஒண்டா இருந்து ஒண்டா எழும்புறது. பந்திக்கு ஓடர் எடுக்கிறதில்ல, இலையில எல்லாருக்கும் ஒரே சாப்பாடு விழும். அதே காரணத்துக்குத்தான் இஃப்தாருக்கு அநேகமா எல்லா இடத்திலயும் பஃபே வைக்கிறாங்க. பேரீச்சம்பழமும் தண்ணியும் சூப்பும் முன்னமே மேசையில இருக்கும். பூங்காவுக்குப் போற அண்டைக்கு அலுப்பு வேணாம் எண்டால் பஃபே கடையப் பாருங்க. உள்ளுக்குப் போனாச் சாப்பாடு கையில. மெனு பாத்து ஓடர் குடுக்கிற கடையில ரெண்டு காத்திருப்பு, பஃபேயில ஒண்டு.

நம்மட குடும்பங்களுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கு. நாங்க போறது ஒம்பது பேர், பதினொரு பேர். மாமி, மாமா, அக்கா, மச்சான், பிள்ளைகள், மச்சான்ட தங்கச்சி. பூங்காக் கடைகளில மேசை பெரும்பாலும் நாலு பேருக்குப் போட்டிருப்பாங்க. ஒம்பது பேருக்கு எண்டால் பக்கத்துப் பக்கத்து மேசை மூண்டு ஒரே நேரத்தில வெறுமையாகோணும். ஒரு மேசை ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா எழும்பும். அடுத்தடுத்த மூண்டு ஒண்டா எழும்பிறது எப்ப எண்டு ஆரும் சொல்ல ஏலாது. எழும்பின ஒண்ட மூடி வச்சிட்டு மத்தது எழும்பும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கோணும், அந்த நேரம் நாலு பேராப் புறகு வந்தவங்க உங்களுக்கு முன்னால போவாங்க. "எங்களுக்குப் புறகு வந்தவன விட்டுட்டாய்" எண்ட சண்டை முழுக்க இதிலதான் வாறது. ஒம்பது பேரா ஒண்டா இருந்தாத்தான் சாப்பாடு இறங்கும் எண்டால் இருங்க, நான் வேணாம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா "நாலும் அஞ்சுமாப் பிரிச்சு, கிட்டக் கிட்டத் தாங்க" எண்டு புக் பண்ணக்குள்ளயே எழுதினால் பாதிக் கரைச்சல் இல்ல. அக்காட குடும்பம் எட்டுப் பேர். கேட்டன், பிரிஞ்சு இருக்க மாமி விடல்லயாம்.

மத்த விசயங்களச் சுருக்கமாச் சொல்றன்.

கடை திறக்கிற முதல் நேரத்துக்குப் புக் பண்ணுங்க. 11 மணிக்குத் திறந்தா 11 மணிக்கு. பசிக்காது எண்டு சொல்லாதீங்க. காலையில ஹொட்டல் சாப்பாட்டக் குறைச்சா பசிக்கும். முதல் சுற்றில பின்தங்கல் எண்டு ஒண்டு இல்லவே இல்ல, டிஷூவில போட்ட கணக்கு பன்னெண்டரைக்குப் புறகுதான் வேலை காட்டும். பின்னேரம் எண்டால் அஞ்சு மணிக்கு முன்னால. கிழமை நாளில போக ஏலும் எண்டா இன்னும் நல்லம். அமீரகத்தில 2022 ஜனவரியில இருந்து வார விடுமுறைய சனி ஞாயிறா மாத்தி வெள்ளிக்கிழமைய அரைநாள் ஆக்கினாங்க. பழைய ஞாபகத்தில "ஞாயிறு அங்க வேலை நாள்தானே" எண்டு போய் மாட்டுப்பட்ட நம்மட ஆக்களக் கண்டிருக்கன்.

புக்கிங் நேரத்துக்குப் பத்துப் பதினஞ்சு நிமிசம் முந்திப் போய் வாசல்ல பேரப் பதியுங்க. நாங்க நிண்ட இடத்தில ஒரு மணிக்காரர் அஞ்சு குடும்பம் எண்டால் ஆர் முதல்ல பதிஞ்சாரோ அவருக்குத்தான் முதல் மேசை. ஒரு மணிக்குச் சரியா வந்தவர் அஞ்சாவது.

பதியக்குள்ள "இன்னும் எவ்வளவு நேரம்?" எண்டு கேட்டால் "பத்து நிமிசம்" எண்டுதான் வரும். எல்லா ஹோஸ்டுக்கும் வாயில அதுதான் இருக்கும். "எங்கட அளவு மேசைக்கு எங்களுக்கு முன்னால எத்தனை குடும்பம்?" எண்டு கேளுங்க. அதுக்கு டெப்பப் பாத்துத்தான் பதில் சொல்லோணும். மூண்டு எண்டால் நில்லுங்க, ஒம்பது எண்டால் ஒரு ஆள நிப்பாட்டிட்டு மத்தவங்க நிழலுக்குப் போங்க.

இப்ப கன இடத்தில மேசை ரெடி எண்டு போனுக்கு மெசேஜ் போடுவாங்க. நீங்க குடுக்கிறது நம்மட ஊர் 077 நம்பர். அதில ரோமிங் இல்லாட்டி மெசேஜ் வராது. பூங்காட வைஃபையில வட்ஸ்அப் வேலை செய்யிறதால எல்லாம் சரி எண்டு நினைச்சு இருப்பீங்க, அங்க உங்கட பேரக் கூப்பிட்டு, ஆள் இல்ல எண்டு அடுத்த ஆளுக்குக் குடுத்திருப்பாங்க. சில இடத்தில மேசை ரெடியானா அதிர்ற கருவி ஒண்டு கையில தருவாங்க, அது இருக்கா எண்டு கேளுங்க. இல்லாட்டி அந்த நாட்டு சிம் நம்பரக் குடுங்க.

மாமி மாதிரிச் சீனி வருத்தக்காரர் இருந்தா அத முதல்லயே, பதியக்குள்ளயே சொல்லுங்க, அரை மணித்தியாலம் நிண்டு கோவம் வந்த புறகு சொல்லாதீங்க. எங்கட கடையில அப்பிடிச் சொன்னா இருக்க ஒரு கதிரையும் குடிக்க ஒரு ஜூஸும் உடன குடுக்கலாம், ஆரையும் கேக்கத் தேவையில்ல. கையிலயும் ஏதும் வச்சிருங்க. வெளிச் சாப்பாடு விடாத பூங்காக்களிலயும் பிள்ளைச் சாப்பாட்டுக்கும் மருத்துவத் தேவைக்கும் அநேகமா விடுவாங்க. வாசல்ல சொல்லிக் காட்டினாச் சரி. நோயாளிக்குரிய சாப்பாட்டு நேரத்த ஒரு கடைட புக்கிங்கில நம்பி விட வேணாம்.

புக்கிங் நேரம் தாண்டி அரை மணித்தியாலம் போனா மனேஜரக் கேளுங்க. சத்தம் போடாம, அந்த மெயிலக் காட்டி. வாசல்ல நிக்கிற பொடியனுக்கு உங்களுக்கு ஒண்டும் தர அதிகாரம் இல்ல. மனேஜருக்கு இருக்கு. குடிக்க ஏதும், பில்லில கழிவு, சில இடத்தில ரைட் ஒண்டுக்கு வரிசையில்லாமப் போற டிக்கட். கேக்கிறவங்களுக்குத்தான் அது வரும். பேசாம நிண்டவங்களுக்கு நாங்களாத் தேடிப் போய்க் குடுத்தத நான் காணல்ல, அது எனக்கு எப்பவும் ஒரு மாதிரித்தான் இருந்திச்சு. கத்தினவருக்கு ஜூஸ், பொறுத்தவருக்குச் சிரிப்பு.

ஏலாது எண்டு வெளிக்கிட்டுப் போறதெண்டாலும் சொல்லாமப் போகாதீங்க. இதில காசு இருக்கு. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில 60 நாளைக்கு முன்னமே மேசைக்குப் புக்கிங் திறக்கும். கார்ட் நம்பர் கேப்பாங்க, வராம விட்டா பெரும்பாலான கடைகளில ஆளுக்கு 10 டொலர் கழியும். ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்ன கென்சல் பண்ணினாக் கழியாது. எட்டுப் பேர் கோவிச்சுக்கொண்டு பக்கத்தில பர்கர் திண்டால் 80 டொலர். வேற பூங்காக்களிலயும் இந்த மாதிரி விதி இருக்கு. அவங்கட பக்கத்தால லேட் எண்டால், வாசல்ல நிண்டே "எங்கட புக்கிங்கக் கென்சல் பண்ணுங்க, காசு கழிக்கக் கூடாது" எண்டு சொல்லி, அவங்க டெப்பில அழிக்கிறதக் கண்ணால பாத்திட்டுப் போங்க. முழுக் காசும் முன்னமே கட்டின பொம்மைக் கதாபாத்திர வேசக்காரர் மேசைக்கு வந்து போற சாப்பாடு எண்டால் வெளிக்கிடாதீங்க, நில்லுங்க, மனேஜரப் புடியுங்க.

இவ்வளவும் கேட்டிட்டு அக்கா அனுப்பின பதில் ஒரு வரி: "அப்ப உன்ட கடையில எப்பிடி?"

கல்லடியில கடற்கரைக்குப் போற ரோட்டில ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கன், ஆறு மேசை. டெப் இல்ல, ஒரு சீ.ஆர். கொப்பி. நம்மட ஊரில புக்கிங் எண்டது இப்பிடித்தான். "மச்சான், ஞாயித்துக்கிழம மத்தியானம் ஒரு பத்துப் பேர் வாறம், நண்டு போட்டு வை." பதினேழு பேர் வருவாங்க. ரெண்டரைக்கு வருவாங்க. மாமாங்கக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தம், ஐயர் லேட்டாக்கிப்போட்டார் எண்டு சொல்லுவாங்க. அதில நாலு பேர் விரதம், நண்டு சாப்பிட மாட்டாங்க. பன்னெண்டு மணியில இருந்து மூண்டு மேசைய ஒட்டி வச்சுக்கொண்டு, வந்து கேக்கிறவங்கள எல்லாம் "ஆள் வருது, ஆள் வருது" எண்டு திருப்பி அனுப்பின எனக்கு அந்த ஐயா மேசை மேசையாத் தட்டினது ஞாபகம் வரும். நண்டுக்கறி ஒரு சட்டிக்கு மேல என்ட அடுப்பில ஒரு நேரத்தில ஏறாது. பதினேழு பேரையும் ஒண்டா இருத்தினால் கடைசிக் கோப்பை மூண்டரைக்குத்தான்.

இப்ப கிழமை நாளுக்கு எத்தனை பேருக்கும் கொப்பியில எழுதுவன். சனிக்கிழமைக்கு ஆறு பேர் வரைக்கும். ஞாயிறு மத்தியானத்துக்கு ஆருக்கும் எழுதுறதில்ல, வந்தவருக்கு வந்த வரிசை, சொந்தக்காரருக்கும் அதுதான். அக்கா, நீங்களும் வெள்ளன வந்திருங்க.